ஒரு கிராமுக்கு இருபது கிலோ

“பிராப்தானே தம்பி, ரெண்டு சொட்டு க்ளூ விட்டுத் தேய்ச்சுப் போடு, ஓடும்.”

மாதிரி விமானம் பறக்கவிடும் எந்தத் திடலுக்குப் போனாலும் ஞாயிற்றுக்கிழமை காலையில் இது காதில் விழும். சொல்பவர் பெரும்பாலும் அங்கே மூத்தவராக இருப்பார். எஞ்சினைப் பிரித்து மாட்டுவதில் கைதேர்ந்தவர். புதிதாக வருகிற பையன்களுக்குத் தன் கேனிலிருந்தே எரிபொருள் ஊற்றுகிற நல்ல மனுஷர். அதனால்தான் அவர் சொல்லுக்கு அங்கே மறுபேச்சு இல்லை. நான் மறுத்து எழுதவும் அதுதான் காரணம்.

அவர் சொல்வதன் பின்னால் ஒரு முழுக் கொள்கை இருக்கிறது. எஞ்சின்தான் விமானத்தின் உயிர். பிராப், அதாவது புரொப்பெல்லர், அதன் மூக்கில் மாட்டுகிற உதிரிச் சாமான். எஞ்சின் பெட்டிக்குள் இருந்த தாளில் என்ன அளவு போட்டிருக்கிறதோ அதை வாங்கு. வால் பக்கம் பிடித்துப் பார், நன்றாக இழுத்தால் சரியான பிராப். சில்லு போனால் ஒட்டு. சமன் பார்ப்பதெல்லாம் போட்டிக்குப் போகிறவர்கள் வேலை. இந்தக் கொள்கையில் ஒரு வரியைக்கூட என்னால் ஏற்க முடியவில்லை. முன்பு நானும் இதையே நம்பி, இதையே பிறருக்கும் சொல்லிக்கொண்டிருந்தேன்.

என் நம்பிக்கை போன நாள் நினைவிருக்கிறது. வைகாசி மாதம், வற்றிய ஏரிப் படுகையில் பறக்கவிட்டுக்கொண்டிருந்தோம். கல்லூரியில் இரண்டாம் ஆண்டு படிக்கும் ஒரு பையன், 46 அளவு எஞ்சின் போட்ட பயிற்சி விமானம் கொண்டு வந்திருந்தான். 46 என்றால் 0.46 கன அங்குலம், ஏழரை சிசி. மூக்கில் 11-6 நைலான் பிராப். முந்தின வாரம் சரளைக் கல்லில் குப்புற இறங்கியதில் ஒரு நுனியில் நகக்கண் அளவுக்குச் சில்லு போயிருந்தது. பள்ளத்தில் ஆப்பசோடாவைத் தூவி, சூப்பர் க்ளூவைச் சொட்டி, கல்லாய் இறுகியதும் உப்புத்தாளால் தேய்த்திருந்தான். வேலை அவ்வளவு சுத்தம். விரலால் தடவினால் ஒட்டு தெரியவில்லை. நானும் வாங்கிப் பார்த்துவிட்டு “நல்லாத்தான் இருக்கு” என்று திருப்பிக் கொடுத்தேன்.

முழு வேகத்தில் வைத்து, எஞ்சினுக்குப் பின்னால் குனிந்து எரிபொருளைக் கூட்டிக் குறைக்கும் நீடிலைத் திருகிக்கொண்டிருந்தான். பட்டென்று ஒரு சத்தம். அடுத்த நொடி விமானம் முழுக்க ஜன்னி கண்டது போல உதறியது. எஞ்சினைத் தாங்கிய மவுண்ட் ஒரு பக்கம் விண்டு, சைலன்சர் தொங்கியது. எரிபொருள் குழாயைப் பிடுங்கி அணைத்தோம். போட்ட ஒட்டு போட்ட இடத்திலேயே உறுதியாக இருந்தது. அதற்குக் கீழே, கண்ணுக்குத் தெரியாத ஒரு வெடிப்பு வழியாக, இரண்டு சென்டிமீட்டர் நுனி அப்படியே பிய்ந்து போயிருந்தது. தேடினோம். பக்கவாட்டில் வைத்திருந்த கருவிப் பெட்டியின் மூன்று மில்லிமீட்டர் பிளைவுட்டில், பாதி உள்ளேயும் பாதி வெளியேயுமாகக் குத்தி நின்றது. அந்தப் பெட்டிக்குப் பக்கத்தில்தான் அரை நிமிஷத்துக்கு முன்னால் பையன் குந்தியிருந்தான்.

அந்தத் துண்டை வீட்டில் தராசில் வைத்துப் பார்த்தேன். ஒரு கிராமுக்குக் கொஞ்சம் கூட. பிறகு தாளை எடுத்துக் கணக்குப் போட்டேன். கணக்கைச் சொல்லிவிடுகிறேன், யாரும் சரிபார்க்கலாம். அந்த எஞ்சின் நிமிஷத்துக்கு 11,500 சுற்று ஓடிக்கொண்டிருந்தது. நுனித் துண்டின் நடுப்பகுதி மையத்திலிருந்து 13 சென்டிமீட்டர் தள்ளி இருக்கிறது. அந்த வேகத்தில், அந்தத் தூரத்தில், ஒரு கிராம் எடையைச் சுற்றுப்பாதையில் பிடித்து வைக்க ஏறக்குறைய 20 கிலோ இழுவை வேண்டும். அந்த ஒரு கிராமை அரிசிச் சிப்பம் கட்டித் தொங்கவிடுகிற கனத்தில் பிராப் வெளியே இழுக்கிறது. பிடி விட்டால் துண்டு மணிக்கு 550 கிலோமீட்டருக்கு மேற்பட்ட வேகத்தில் பறக்கும். அது போன பிறகு மறுபக்கத்து நுனிக்கு எதிர்ப்பலம் இல்லாததால், அதே 20 கிலோ எஞ்சினை நொடிக்கு 190 முறை திசை மாற்றி மாற்றி இழுக்கும். மவுண்ட் விண்டதில் ஆச்சரியம் ஒன்றும் இல்லை.

இதைச் சொன்னால் வருகிற முதல் பதில், “நான் முப்பது வருஷமா ஒட்டித்தான் ஓட்டுறேன், ஒண்ணும் ஆகல” என்பது. இதை நான் அலட்சியமாகத் தள்ளமாட்டேன். அவர் பொய் சொல்லவில்லை. ஆனால் அந்த முப்பது வருஷம் எந்த எஞ்சினில் தொடங்கியது என்று கேட்க வேண்டும்.

நம் நாட்டில் இந்தக் கலை பலருக்குக் கைவந்தது சின்ன டீசல் எஞ்சின்களில். ஒன்று, ஒன்றரை சிசி, ஈதர் வாசனை, எட்டு அங்குல மரப் பிராப், நிமிஷத்துக்கு எட்டாயிரம் சுற்று ஓடினால் பெரிய விஷயம். கம்பியில் கட்டி வட்டமடிக்கிற விமானம், ஓட்டுகிறவர் நடுவில் நிற்பார். இறக்குமதிக்கு உரிமம் தேடி அலைய வேண்டிய காலம். ஒரு பிராப் உடைந்தால் அடுத்தது எப்போது கிடைக்கும் என்று தெரியாது. அந்தச் சூழ்நிலையில் ஒட்டினார்கள், ஒட்டியது நின்றது. ஏன் நின்றது? அதே ஒரு கிராம் நுனிக்கு அந்த வேகத்தில், அந்தச் சின்ன விட்டத்தில், கணக்கு ஆறரை கிலோதான் வருகிறது. விசை சுற்று வேகத்தின் இருமடிக்கு ஏறுகிறது. எட்டாயிரத்திலிருந்து பதினோராயிரத்து ஐந்நூறுக்குப் போனால் வேகம் ஒன்றரை மடங்குகூட ஆகவில்லை. விசை வேகத்தால் மட்டும் இரண்டு மடங்கைத் தாண்டிவிடுகிறது. விட்டம் கூடியதையும் சேர்த்தால் மூன்று மடங்கு. எஞ்சின் மாறிவிட்டது, பழக்கம் மாறவில்லை. பற்றாக்குறைக் காலத்தில் நியாயமாக இருந்த சிக்கனத்தை, காரணம் போன பிறகும் அனுபவம் என்ற பெயரில் கையளித்துக்கொண்டிருக்கிறோம். பெரியவர்மேல் எனக்குக் கோபம் இல்லை. அந்தப் பழக்கம் இந்தப் பையன்களின் கண்ணுக்கு நேராக நிற்கிறது என்பதுதான் கோபம்.

“எஞ்சின்தான் உயிர், பிராப் உதிரி” என்ற அடிப்படை எண்ணத்துக்கு வருகிறேன். இதற்கு மறுப்பு விமானம் பிறந்த வருஷத்திலேயே இருக்கிறது.

1903இல் இரண்டு தரப்பார் மனிதனைச் சுமந்து பறக்க முயன்றார்கள். வாஷிங்டனில் சாமுவேல் லாங்லியிடம் 52 குதிரைத்திறன் கொண்ட எஞ்சின் இருந்தது. அந்தக் காலத்துக்கு அபாரமான எஞ்சின். டேட்டன் ஊர் ரைட் சகோதரர்களிடம், அவர்கள் சைக்கிள் கடை மெக்கானிக் சார்லி டெய்லர் செய்து கொடுத்த எஞ்சின் 12 குதிரைத்திறன்தான் தந்தது. லாங்லியின் விமானம் டிசம்பர் 8 அன்று பொடோமாக் ஆற்றில் விழுந்தது. ஒன்பது நாள் கழித்து ரைட் சகோதரர்கள் பறந்தார்கள். லாங்லி விழுந்ததற்குக் காரணம் பிராப் என்று நான் சொல்ல வரவில்லை. விமானத்தின் கட்டுமானமும் அதை ஏவிய முறையும் காரணம். 12 குதிரையை வைத்துக்கொண்டு ரைட் சகோதரர்களால் எப்படிப் பறக்க முடிந்தது என்பதே என் கேள்வி.

கப்பல்காரர்களிடம் பிராப்புக்கு ஒரு கணக்கு இருக்கும், அதை எடுத்துக்கொள்ளலாம் என்றுதான் அவர்களும் தொடங்கினார்கள். தேடிப் பார்த்தால் அப்படிப் பயன்படக்கூடிய கணக்கே இல்லை. அப்புறம்தான் பிராப்பை வேறு மாதிரி பார்த்தார்கள்: அது காற்றைத் தள்ளுகிற துடுப்பு அல்ல, சுருள் பாதையில் பறக்கிற இறக்கை. தங்கள் காற்றுச் சுரங்கத்தில் இறக்கைகளுக்கு எடுத்த அளவீடுகளை வைத்து, பிளேடின் ஒவ்வொரு பகுதிக்கும் கோணம் கணக்கிட்டு, ஸ்ப்ரூஸ் மரத்தில் செதுக்கினார்கள். எஞ்சின் தந்த சக்தியில் ஏறக்குறைய நான்கில் மூன்று பங்கை அந்த பிராப்கள் உந்துவிசையாக மாற்றின. பறப்பதற்குச் சில வாரம் முன்பு பிராப்பின் தண்டு வெடித்தபோது அவர்கள் ஒட்டுப் போடவில்லை. சகோதரர்களில் ஒருவரான ஆர்வில், பறக்கவிருந்த கிட்டி ஹாக்கிலிருந்து டேட்டனுக்குப் போய், எஃகில் புதுத் தண்டு செய்து எடுத்துக்கொண்டு திரும்பினார்.

இதன் மறுபக்கமும் அவர்கள் கதையிலேயே இருக்கிறது. 1908 செப்டம்பர் 17, வர்ஜினியாவில் ஃபோர்ட் மையர். ராணுவத்துக்குப் பறந்து காட்டுவதற்காக ஆர்வில், லெப்டினன்ட் தாமஸ் செல்ஃப்ரிட்ஜ் என்பவரை ஏற்றிக்கொண்டு கிளம்பினார். விமானத்தில் புதிதாக, முன்னதைவிட நீளமான பிராப்கள் பொருத்தியிருந்தன. ஒரு பிளேடில் நீளவாக்கில் வெடிப்பு விட்டது. அது தட்டையாகி இழுவை இழந்தது. இரண்டு பக்கமும் சமன் கெட்டு உதறல் எடுத்தது. சுக்கானை இழுத்துப் பிடித்த கம்பியில் பிராப் மோதிக் கம்பி அறுந்தது. விமானம் தலைகுப்புற விழுந்தது. ஆர்வில் கால் எலும்பும் விலா எலும்பும் முறிந்து பிழைத்தார். செல்ஃப்ரிட்ஜ் அன்று மாலை இறந்தார். எஞ்சின் விமானத்தில் உயிரிழந்த முதல் மனிதர் அவர். தொடக்கம் ஒரு பிளேடில் விட்ட வெடிப்பு. அந்த விமானத்தின் எஞ்சினில் கோளாறு ஏதும் இல்லை.

பிராப் ஒரு இறக்கை என்று ஒப்புக்கொண்டால், அதை எஞ்சின் பெட்டித் தாளைப் பார்த்துத் தேர்ந்தெடுப்பதில் அர்த்தம் இல்லை என்பது தானாகப் புரியும். அந்தத் தாள் எஞ்சினைக் காப்பாற்ற எழுதியது. இந்த அளவுக்குள் போட்டால் எஞ்சின் மூச்சுத் திணறாது, அளவு மீறிச் சுற்றி உடையவும் உடையாது; அவ்வளவே அதன் வாக்குறுதி. உங்கள் விமானம் எவ்வளவு வேகத்தில் பறக்க வேண்டும், எவ்வளவு மெதுவாக இறங்க வேண்டும் என்று அதற்குத் தெரியாது.

11-6 என்றால் விட்டம் 11 அங்குலம், பிட்ச் 6 அங்குலம். திருகாணி மரத்துக்குள் இறங்குவது போல வழுக்காமல் போனால் ஒரு சுற்றுக்கு 6 அங்குலம் முன்னேறும் என்று பொருள். விமானத்தின் வேகத்துக்கு இதுதான் கூரை. மனக்கணக்காகவே போடலாம்: சுற்று எண்ணிக்கையைப் பிட்சால் பெருக்கி, வருகிற எண்ணில் ஆயிரத்துக்கு ஒன்றரை கிலோமீட்டர் வைத்துக்கொண்டால் போதும். 11,500 சுற்றில் 6 பிட்ச், 69,000. மணிக்கு நூறு கிலோமீட்டரைச் சற்றுத் தாண்டுகிறது. அதே எஞ்சினில் 12-4 போட்டு 12,000 சுற்று ஓடினால் 72, 73 கிலோமீட்டர். 10-7 போட்டு 12,500 ஓடினால் 130க்கு மேல். மூன்றும் 46 எஞ்சினுக்கு ஒத்துப்போகிற அளவுகளே. மூன்றும் மூன்று வேறு விமானங்கள்.

“வாலைப் பிடித்துப் பார்த்தேன், கையைப் பிய்க்கிறது” என்பதும் இந்தக் கணக்கில் அடிபட்டுப் போகிறது. நின்ற இடத்தில் அதிகம் இழுப்பது பெரிய விட்டமும் சின்ன பிட்சும் உள்ள பிராப். பிட்ச் அதிகமான பிராப்பை நின்ற இடத்தில் சுற்றினால் பிளேடின் உள்பகுதி காற்றைப் பிடிக்காமல் திணறும். விமானம் ஓடத் தொடங்கிய பிறகுதான் கோணம் சரியாகிப் பிடிக்கும். ஆகவே வாலைப் பிடித்துச் செய்கிற சோதனை 12-4ஐத்தான் எப்போதும் ஜெயிக்க வைக்கும். வேக விமானத்துக்கு அதைப் போட்டுவிட்டு, “எஞ்சின் இழுக்குது, ஆனா பிளேன் போகல” என்று நீடிலோடு மல்லுக்கட்டுகிறவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். மாறாக, கனம் குறைந்த பயிற்சி விமானத்துக்கு 7 பிட்ச் போட்டவர், இறங்கும்போது எஞ்சின் அடங்கிய பிறகும் விமானம் மிதந்துகொண்டே திடலைத் தாண்டிப் போகிறது என்று புலம்புவார். சின்ன பிட்ச் இறங்கும்போது பிரேக் மாதிரி பிடிக்கும். புதிதாகக் கற்கிற பையனுக்கு இந்த ஒரு விஷயம் பத்துப் பாடத்துக்குச் சமம்.

இன்னொரு வாய்ப்பாடும் சுற்றுகிறது: விட்டத்தில் ஒன்று கூட்டினால் பிட்சில் ஒன்று குறை, சுமை சரியாகிவிடும். சரியாகாது. ஒரே சுற்று வேகத்தில் பிராப் கேட்கிற சக்தி, பிட்சுக்கு நேர் விகிதத்திலும் விட்டத்துக்கு ஏறக்குறைய நான்காம் மடியிலும் ஏறுகிறது. 10 அங்குலத்தை 11 ஆக்கினால் சுமை ஒன்றரை மடங்கை நெருங்குகிறது. 10-6 ஓட்டியவர் 11-5 போட்டால் எஞ்சின் மீது ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் சுமை ஏற்றுகிறார். 11-4 போட்டால்தான் பழைய சுமை. நம் ஊர்ச் சித்திரை வெயிலில் அந்த ஐந்தில் ஒரு பங்கு எஞ்சினைச் சூடேற்றிச் சாகடிக்கப் போதும்.

இந்தக் கணக்குகூட ஓரளவுக்குத்தான். ஒரு கம்பெனியின் 11-6 மற்றதன் 11-6 அல்ல. பிளேடின் அகலம், தடிமன், முறுக்கு எல்லாம் வேறு. கடைசித் தீர்ப்பு சுற்றை அளக்கும் டேக்கோமீட்டரிடம்தான் இருக்கிறது. பழைய சோக் போட்ட குழல் விளக்குக்குக் கீழே அதைக் காட்டி, இரண்டு பிளேடு என்று வைத்துப் பாருங்கள். நம் ஐம்பது சைக்கிள் மின்சாரத்தில் 3,000 காட்டினால் கருவி சரி. எஞ்சினுக்கு அத்தனை செலவு செய்கிறவர்கள் இந்த ஒரு கருவியை வாங்கத் தயங்குவது எனக்கு இன்றுவரை புரியாத விஷயம். காதால் கேட்டே சுற்றைச் சொல்லிவிடுவேன் என்பார்கள். கேட்டுச் சொன்னவர்களைச் சோதித்திருக்கிறேன். ஆயிரம் சுற்று தப்புவது சாதாரணம்.

சமன் பார்ப்பதைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும். இங்கேதான் அலட்சியம் அதிகம். நஷ்டத்துக்கு எஞ்சினைக் குற்றம் சொல்வதும் இங்கேதான்.

“ஃபாக்டரியில செஞ்சது, சமனாத்தான் இருக்கும்.” இருப்பதும் உண்டு, இல்லாததும் உண்டு, கையில் எடுத்துப் பார்க்காமல் தெரியாது. ஒரு பிளேடு மற்றதைவிட நுனிப் பக்கம் பத்தில் ஒரு கிராம் கூடுதல் என்று வைத்துக்கொள்வோம். நாலைந்து அரிசி மணியின் எடை. 11,500 சுற்றில் அது ஏறக்குறைய இரண்டு கிலோ உதைப்பாக மாறுகிறது, நொடிக்கு 190 முறை. விமானம் உடைந்து விழாது. பறக்கும்; அதுதான் வம்பு. அந்த அதிர்வில் டாங்குக்குள் எரிபொருள் நுரைக்கிறது. நுரை குழாய் வழியே போனால் எஞ்சினுக்குப் போவது பாதி காற்று. கலவை மெலிகிறது, எஞ்சின் சூடாகிறது, மேலே ஏறும்போது மூச்சடைத்து நிற்கிறது. இறக்கி வந்து நீடிலைத் திறக்கிறார்கள். தரையில் கொழகொழவென்று ஓடுகிறது, மேலே மறுபடி மெலிகிறது. பிளக்கை மாற்றுகிறார்கள், எரிபொருளைச் சந்தேகிக்கிறார்கள், பேரிங்கை மாற்றுகிறார்கள். பேரிங் கெட்டுத்தான் இருக்கும், கெடுத்தது பிராப். ஒரு நண்பர் இப்படியே ஒரு மழைக்காலம் முழுக்க ஒரு நல்ல எஞ்சினைத் திட்டித் தீர்த்துக் கடைசியில் அடிமாட்டு விலைக்கு விற்றார். வாங்கியவர் பிராப்பை மாத்திரம் மாற்றினார். அந்த எஞ்சின் இன்னும் ஓடுகிறது.

சமன் பார்க்க அதிகம் செலவில்லை. காந்தத்தில் நிற்கிற சின்னக் கருவிகள் கிடைக்கின்றன. வாங்க முடியாதவர் சம உயரமுள்ள இரண்டு கண்ணாடி டம்ளர்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, விளிம்புகளில் இரண்டு ஷேவிங் பிளேடைச் சரிமட்டமாக ஒட்டி, பிராப் ஓட்டையில் இறுக்கமாகப் போகிற நேர்க்கம்பியைச் செருகி மேலே வைக்கலாம். கதவையும் மின்விசிறியையும் மூடிவிட்டுச் செய்ய வேண்டும். கனமான பிளேடு கீழே போகும். அதன் முகத்தை, விளிம்பைத் தொடாமல், நனைத்த உப்புத்தாளால் கொஞ்சம் கொஞ்சமாகத் தேய்க்க வேண்டும். நனைப்பது முக்கியம், நைலானில் கலந்த கண்ணாடி நாரின் தூசி நுரையீரலுக்குப் பகை. மரப் பிராப் என்றால் தேய்ப்பதைவிட இலகுவான பிளேடுக்கு ஒரு கை வார்னிஷ் கூடுதலாகப் பூசுவதே நல்லது. பிளேடைக் குறுக்கே நிறுத்தினாலும் நெடுக்கே நிறுத்தினாலும் நிறுத்திய இடத்தில் நின்றால் வேலை முடிந்தது. இருபது நிமிஷம்.

நடு ஓட்டையைப் பெரிதாக்க வேண்டி வந்தால் கை டிரில்லை வைத்து இடிக்கிற வழக்கம் ஒன்று இருக்கிறது. டிரில் எப்போதும் ஒரு பக்கம் சாயும். அரை மில்லிமீட்டர் மையம் தப்பினால் சமன் பார்த்ததெல்லாம் வீண். படிப்படியாக அகலும் ரீமர் என்ற கருவி அதற்கென்றே இருக்கிறது. நான்கு பேர் சேர்ந்து ஒன்று வாங்கி வைத்துக்கொள்ளலாம்.

மரப் பிராப் ஈரத்தைக் குடிக்கும். சித்திரையில் சமன் பார்த்தது ஐப்பசியில் அப்படியே இருக்காது. மழைக்காலம் தொடங்கியதும் மறுபடி பார்க்க வேண்டும். நட்டும் அப்படித்தான்: மரம் அழுந்தி நட்டுத் தளரும், நாலைந்து பறப்புக்கு ஒருமுறை இறுக்கிப் பார்க்க வேண்டும். நைலானின் குணம் நேர் எதிர். காய்ந்த நைலான் முறுகிப் போய்விடும். ஈரம் ஏறினால்தான் தாங்கும். அந்தக் காலத்து நைலான் பிராப்களை அடுப்பில் தண்ணீர் கொதிக்க வைத்து வேகவிட்டவர்களுக்கு அது தெரிந்திருந்தது. பெரியவர்களிடமிருந்து இதையெல்லாம் நன்றியோடு வாங்கிக்கொள்கிறேன். ஒட்டுவதை மட்டும் வாங்க மறுக்கிறேன்.

கடைக்காரர்களிடமும் ஒன்று கேட்க வேண்டும். எலெக்ட்ரிக் மோட்டாருக்கான பிராப்பையும் எஞ்சினுக்கான பிராப்பையும் ஒரே கூடையில் போட்டு அளவைச் சொல்லி விற்பது நின்றாக வேண்டும். மோட்டார் வழவழவென்று சுற்றும். எஞ்சின் ஒவ்வொரு வெடிப்புக்கும் தண்டை உதைக்கும். மெல்லிய மோட்டார் பிராப்பின் நடுப்பகுதி அந்த உதையைத் தாங்கச் செய்ததல்ல. ஏபிசி என்ற அமெரிக்க நிறுவனம் தன் பிராப்களுக்கு வேக வரம்பைத் தெளிவாகவே சொல்கிறது. எஞ்சின் வகைக்கு 1,90,000ஐ விட்டத்தின் அங்குலத்தால் வகுக்க வேண்டும். 11 அங்குலத்துக்கு 17,000 சுற்றுக்கு மேல் வரும். மெதுவாகப் பறக்கும் மோட்டார் விமானத்துக்கான மெல்லிய வகைக்கு 65,000ஐத்தான் வகுக்க வேண்டும். அதே 11 அங்குலத்துக்கு ஆறாயிரம்கூட இல்லை. இரண்டும் மேசையில் பக்கத்தில் பக்கத்தில் கிடந்தால் புதியவன் கண்ணுக்கு ஒரே சாமான்தான். மெல்லியதை 46 எஞ்சினில் மாட்டினால் அதன் வரம்பைப்போல் ஏறக்குறைய இரண்டு மடங்கில் சுற்றும். ஒரு கடையில் இதைச் சொன்னபோது, “அளவு ஒண்ணுதானே சார்” என்றார் கவுன்ட்டரில் இருந்தவர்.

எதிர்வாதங்களில் நான் மதிக்கிறது பணத்தைப் பற்றியது. “கல்லூரிப் பையன்கிட்ட ஏது காசு? இறக்குமதிப் பிராப் ஒண்ணு சில நூறு ரூபாய். வாரா வாரம் மாத்தச் சொன்னா அவன் இந்தப் பக்கமே வரமாட்டான்.” இது உண்மையான வாதம். என் பதில் இரண்டு.

பிராப் உடைவதில் பாதி தவிர்க்கக்கூடியது. மாட்டும்போதே, எஞ்சின் அழுத்தத்துக்கு வந்து நிற்கிற இடத்தில் பிராப் படுக்கைவாட்டில் இருக்கும்படி வைத்து இறுக்கினால், எஞ்சின் அணைந்து இறங்கும்போது பிளேடு தரையில் குத்தாது. கையால் சுண்டிக் கிளப்புகிறவருக்கு அந்த நிலை சற்றுச் சிரமம். தடியோ ஸ்டார்ட்டரோ வைத்திருப்பவருக்குச் சிரமமே இல்லை. சரளையில் இறக்காமல் புல்லில் இறக்கப் பழகுவதும், தாளில் உள்ள ஐந்து அளவையும் வாங்கிக் குவிக்காமல் தன் விமானத்துக்குச் சரியான ஒரே அளவில் இரண்டு வாங்கி வைப்பதும் காசை மிச்சம் பிடிக்கும்.

இரண்டாவது, மிச்சம் பிடிக்கிற காசு எங்கே போகிறது என்று பார்க்க வேண்டும். அந்த வைகாசி ஞாயிறன்று பையனுக்குப் போனவை மவுண்ட், சைலன்சர் திருகுகள், விமானத்தின் முன்பலகை, முன் பேரிங். ஐந்தாறு பிராப் விலை. கண் போயிருந்தால் விலை பேச இடமே இல்லை.

ஒவ்வொரு பறப்புக்கு முன்பும் நான் செய்வது ஒரு நிமிஷ வேலை. எஞ்சின் குளிர்ந்திருக்கும்போது பிளேடை நடுவிலிருந்து நுனி வரை நகத்தால் வருடுவேன். கொஞ்சம் பஞ்சை எடுத்து இரண்டு விளிம்பிலும் இழுப்பேன். கண்ணுக்குப் படாத வெடிப்பில் பஞ்சின் இழை மாட்டும். இரண்டு கையாலும் லேசாக வளைத்து, நடுப்பகுதியில் பிளேடு பிறக்கும் இடத்தில் வெள்ளைக் கோடு தெரிகிறதா என்று வெளிச்சத்தில் பார்ப்பேன். நைலான் களைத்துப்போனால் அங்கேதான் முதலில் வெளுக்கும். இழை மாட்டினாலோ கோடு தெரிந்தாலோ அந்தப் பிராப் அன்றோடு சரி. எஞ்சின் ஓடத் தொடங்கியதும், பிராப் சுற்றுகிற வட்டத்துக்கு நேர் பக்கத்தில் யாரையும் நிற்க விடமாட்டேன். நீடிலைப் பின்னாலிருந்துதான் திருகுவேன், பின்னாலிருந்துதான் திருகச் சொல்வேன். இதற்காகச் சிலர் என்னைப் பயந்தாங்கொள்ளி என்கிறார்கள். சொல்லிக்கொள்ளட்டும்.

அந்தப் பையன் இப்போது வேலைக்குப் போய்விட்டான். விடுமுறைக்கு வரும்போது திடலுக்கு வருகிறான். போன தடவை வந்தபோது, புதிதாகச் சேர்ந்த ஒரு பள்ளிப் பையனின் பிராப்பை வாங்கி, பையிலிருந்து பஞ்சை எடுத்து விளிம்பில் இழுத்துக்கொண்டிருந்தான். ஓர் இடத்தில் இழை மாட்டியது. “அண்ணா, ஒட்டிக்கலாமா?” என்று அந்தச் சின்னப் பையன் கேட்டான். இவன் பதில் சொல்லாமல் பிராப்பை முழங்காலில் வைத்து இரண்டாக ஒடித்தான். முழுசாகக் குப்பையில் கிடந்தால் யாராவது பொறுக்கிக்கொண்டு போய் ஒட்டிவிடுவார்கள். பிறகு தன் பெட்டியைத் திறந்து, சமன் பார்த்துத் தேதி எழுதி வைத்திருந்த ஒரு 11-6ஐ எடுத்து அவனிடம் கொடுத்தான்.